கேளுங்க, சொல்றேன்: முகூர்த்தத்துக்கு முன்னாடி நாள எண்ணுங்க

போன மாசம் வெளிநாட்டு மாப்பிள்ளையப் பத்தி ரெண்டு வரி எழுதுனதுக்கு, கல்யாணத்த எங்க, எப்டி பதியறதுன்னு கேட்டு இவ்ளோ கடுதாசி வரும்னு நான் நெனக்கல. ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிர்றேன், நான் லாயர் இல்ல, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல முப்பது வருஷம் கிராணியா (கிளார்க்கா) குப்ப கொட்டுனவ, கல்யாண பேப்பர தூக்கிக்கிட்டு கவுண்டர் கவுண்டரா அலைஞ்சவ, அந்த அனுபவத்துலதான் பேசறேன்.

அக்கா, நான் செந்தூல். கட்டிக்கப் போறவரு திருச்சி, ஐடி வேலை, கல்யாணத்துக்கு அப்புறம் கோலாலம்பூருக்கு வந்துர்றதா இருக்காரு. ரெண்டு வீட்டுலயும் ஓகே. கல்யாணத்த இங்க பதியறதா அங்க பதியறதான்னுதான் இழுபறி. எது சுலபம், எது செலவு கம்மி? ஒரு ஏஜெண்டு ஆறாயிரம் வெள்ளி (ரிங்கிட்) குடுத்தா எல்லாத்தையும் முடிச்சுத் தர்றேங்கறாரு. — செந்தூல் வாசகி

தங்கச்சி, அந்த ஏஜெண்டுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிருங்க. ஜேபிஎன்ல, அதான் தேசியப் பதிவு இலாகாவுல, கட்டுற பணம் சில பத்து வெள்ளிதான், கமிஷனர் ஃபார் ஓத்ஸ்கிட்ட சத்தியப் பிரமாணம் பண்ண பத்து வெள்ளி, மீதி செலவெல்லாம் பஸ்ஸு, பிளேன், மொழிபெயர்ப்பு, லீவு. ஏஜெண்டு வந்தாலும் கையெழுத்து போட நீங்கதான் போவணும், அவரு உங்களுக்கு பதிலா போட முடியாது.

இங்க பதிஞ்சா எப்டின்னு மொதல்ல பாப்போம். முஸ்லிம் அல்லாதவங்களுக்கு 1976 கல்யாண, மணவிலக்குச் சட்டம்தான், 1982 மார்ச் 1-லேர்ந்து நடப்புல இருக்கு. அதுல, கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னு ஜேபிஎன்ல நோட்டீஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் அந்த வட்டாரத்துல 7 நாளு தங்கியிருக்கணும், நோட்டீஸ் குடுத்த பிறகு 21 நாளு போர்டுல தொங்கணும், அதுக்கு அப்புறம்தான் பதிவு, நோட்டீஸ் குடுத்த 6 மாசத்துக்குள்ள முடிச்சிரணும், இல்லாட்டி மறுபடி மொதல்லேர்ந்து.

இப்ப கணக்கப் பாருங்க. இந்திய பாஸ்போட்டுக்கு 2023 டிசம்பர்லேர்ந்து விசா இல்லாம 30 நாளு இங்க இருக்கலாம். ஏழும் இருபத்தொண்ணும் இருபத்தெட்டு. கையில மிஞ்சுறது ரெண்டே ரெண்டு நாளு, அதுல ஒரு சனி ஞாயிறு வந்துச்சுன்னா, இல்ல ஏதாவது பொது விடுமுறை வந்துச்சுன்னா முடிஞ்சது கதை, ஓவர்ஸ்டே ஆயிரும், அது கல்யாணத்த விட பெரிய தலவலி. அதனால அவரு ஏர்போட்ல எறங்குறதுக்கு முன்னாடியே ஊருலேர்ந்து வர்ற பேப்பரெல்லாம் ரெடியா இருக்கணும். ஒரு தடவ வந்து நோட்டீஸ் குடுத்துட்டு திரும்பிப் போயி, ரெண்டாவது தடவ பதிவுக்கு வர்றது இன்னொரு வழி, டிக்கெட்டு காசு போவும் ஆனா நிம்மதி இருக்கும். அவசரம்னா நோட்டீஸ் காலத்த தளத்துற சிறப்பு லைசென்சுக்கும் சட்டத்துல எடம் இருக்கு, ஆனா அது மேலதிகாரம் குடுக்கறது, கேட்ட ஒடனே கெடைக்கும்னு நம்பி மண்டபம் புக் பண்ணாதீங்க.

அவரு காட்ட வேண்டியதுல முக்கியமானது அவரு கல்யாணம் ஆவாதவர்ங்கற கடிதம். இத இங்க கோலாலம்பூர் மோண்ட் கியாராவுல இருக்குற இந்திய ஹைகமிஷன்ல வாங்கணும். பொறப்புச் சான்று தமிழ்ல மட்டும் இருந்தா மொழிபெயர்க்கணும், தெரிஞ்சவங்க டைப் பண்ணிக் குடுத்தா ஒத்துக்க மாட்டாங்க, சான்று குடுக்கற மொழிபெயர்ப்பாளர்கிட்டதான் போவணும், ஐடிபிஎம்முல (மலேசிய மொழிபெயர்ப்பு, புத்தகக் கழகம்) பண்ணித் தர்றாங்க. இதுல ஒரு பொறி இருக்கு. ஒரு நாட்டுப் பேப்பர ஒரே முத்திரையோட இன்னொரு நாடு ஏத்துக்கற அப்போஸ்டில் ஒப்பந்தத்துல இந்தியா 2005-லயே சேந்துருச்சு, அதனால திருச்சியில இருக்குற ஆளு "அப்போஸ்டில் ஒட்டுனா ஒலகம் பூரா செல்லும்"னு சொல்லுவாரு, ஆனா நம்ம நாடு அதுல இல்ல. அங்க எடுக்கற பேப்பர் இங்க செல்லணும்னா சென்னையில இருக்குற மலேசிய கான்சுலேட் முத்திரை வரைக்கும் போய்ட்டு வரச் சொல்லுங்க.

அங்க பதியறதுன்னா சிறப்புத் திருமணச் சட்டம் 1954. ரெண்டு பேர்ல ஒருத்தர் அந்த மாவட்டத்துல 30 நாளு குடியிருந்திருக்கணும், அவரு திருச்சிக்காரர்ங்கறதால அது சரியாப் போச்சு. நோட்டீஸ் இன்னொரு 30 நாளு. அதுல ஒங்க கையெழுத்தும் வேணும். 3 சாட்சி. நோட்டீஸ் குடுத்து 3 மாசத்துக்குள்ள கல்யாணம் நடக்காட்டி அது செத்துப் போயிரும். அதுக்கு நீங்க இங்கேர்ந்து கொண்டு போவ வேண்டியது, ஜேபிஎன்ல கல்யாணப் பதிவேட்ட தேடிப் பாத்து குடுக்கற கடிதம், சத்தியப் பிரமாணம், அதுக்கு மேல புத்ராஜாயா விஸ்மா புத்ரா (வெளியுறவு அமைச்சு) முத்திரை, அதுக்கும் மேல இந்திய ஹைகமிஷன் முத்திரை. வரிசை மாறுனா முடிஞ்சது, ஹைகமிஷன்காரங்க விஸ்மா புத்ரா முத்திரையதான் மொதல்ல தேடுவாங்க.

என் தங்கச்சி மவ கல்யாணம் அங்கதான் பதிஞ்சது. எல்லாம் முடிஞ்சு சர்டிபிகேட்ட கையில வாங்குனப்ப ஆபீஸ் வாசல்ல இருந்த டீக்கடை பெஞ்சுல ஒக்காந்து நான்தான் கண்ணாடிய போட்டுக்கிட்டு எழுத்தெழுத்தா படிச்சேன். நம்ம ஐசியில, அதான் அடையாளக் கார்டுல, பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவுல ஏ/பி இருக்கும்ல, அனாக் பெரம்புவான், மலாய்ல மகள்னு அர்த்தம், அத அந்த கிளார்க்கு இனிஷியல்னு நெனச்சு முன்னாடி தூக்கி வெச்சு "ஏ.பி."ன்னு அடிச்சிருக்காரு. பாஸ்போட்டுல ஒரு பேரு, சர்டிபிகேட்ல ஒரு பேரு. திருத்தறதுக்குள்ள மூணு தடவ மாடி ஏறி எறங்குனோம், பிளேன் டிக்கெட்ட மாத்துனோம், அந்தப் பணத்துக்கு ஒரு பவுன் வாங்கியிருக்கலாம். அதனால நோட்டீஸ் ஃபாரத்துலயே ஒரு துண்டுச் சீட்டுல ஒங்க பேர பாஸ்போட்டுல உள்ளபடி எழுதி பின் பண்ணிக் குடுங்க, அவரு பேருலயும் இனிஷியல் விரிஞ்சிருக்கா, அப்பா பேரு குடும்பப் பேரு எடத்துல இருக்கான்னு இப்பவே பாருங்க.

என்னைக் கேட்டா, அவரு இங்க வந்து குடும்பம் நடத்தறதா இருந்தா இங்க பதிங்க, தாலியும் பந்தியும் திருச்சியில வெச்சிக்குங்க. ஒரே சர்டிபிகேட்டு, அது ஜேபிஎன் சர்டிபிகேட்டு, நேரா இமிகிரேஷனுக்கு எடுத்துட்டுப் போயிரலாம். அங்க, அவரு ஒங்க கணவரா இங்க தங்கறதுக்கான நீண்டகால சோசியல் விசிட் பாஸுக்கு ரெண்டு பேரும் நேர்ல போவணும், ஒன்னா ஒக்கார வெச்சு கேள்வி கேப்பாங்க, பத்து வெள்ளி ஸ்டாம்ப் அடிச்ச பெர்சனல் பாண்ட் (பொறுப்பேத்துக்கற) ஃபாரம் நீங்க குடுக்கணும். பாஸ் கெடச்ச மறுநாளே அவரு வேலைக்குப் போயிரலாம்னு நெனக்காதீங்க, வேலைக்குன்னு தனி அனுமதி எடுத்து பாஸ்ல குத்தணும். அதுவரைக்கும் அவரு சம்பளம் இல்லாம ஒங்க வீட்டுல இருப்பாரு, அந்த மாசங்களோட செலவையும் கல்யாண பட்ஜெட்ல போடுங்க, யாரும் போடறதில்ல.

ஐயா/அம்மா, என் மகன் கல்யாணம் தஞ்சாவூர்ல கோயில்ல நடந்தது, எட்டு மாசம் ஆச்சு, ஆல்பம் இருக்கு, கோயில் ரசீது இருக்கு. மருமகள கூப்புட்டு வர பாஸ் கேட்டா கல்யாண சர்டிபிகேட் எங்கன்னு கேக்கறாங்க. — பட்டர்வொர்த் வாசகர்

ஐயா, அம்மாதான். ஆல்பம் சாமி ரூமுக்கு சரி, கவுண்டருக்கு சரி வராது. தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எந்தக் கல்யாணமா இருந்தாலும் 90 நாளுக்குள்ள பதியணும், அபராதத்தோட இன்னொரு 60 நாளு குடுப்பாங்க, ஒங்களுக்கு அதுவும் தாண்டிருச்சு. மருமகப் பொண்ணு வீட்டுலேர்ந்து சார்பதிவாளர் ஆபீஸ்ல நேர்ல போயி இப்ப என்ன வழின்னு விசாரிக்கச் சொல்லுங்க, ரசீதையும் பத்திரிகையையும் போட்டாவையும் தூக்கிப் போட்டுறாதீங்க, அதெல்லாம் ஆதாரம். அந்த சர்டிபிகேட்டு வந்த பிறகு இங்க வேல இருக்கு. வெளிநாட்டுல கல்யாணம் பண்ணுன மலேசியக் குடிமகன் 6 மாசத்துக்குள்ள அங்க பக்கத்துல இருக்குற மலேசியத் தூதரகத்துலயோ, திரும்பி வந்துட்டா ஜேபிஎன்லயோ பதியணும்னு நம்ம சட்டமும் சொல்லுது. அதுவும் ஒங்களுக்குத் தாண்டிருச்சு, தாமதப் பதிவா போவும், ஏன் தாமதம்னு எழுதிக் குடுக்கணும். பினாங்குத் தீவுக்குப் போறதுன்னா ஜாலான் ஆன்சன் பெடரல் கட்டடத்துல ஜேபிஎன் இருக்கு, காலையில எட்டு மணிக்கே போயிருங்க. மகன்கிட்ட சத்தம் போடாதீங்க, பத்திரிகைல பேரு போட்டது நீங்கதானே.

அக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஜார்ஜ்டவுன். பொண்ணு இராமநாதபுரம். இங்க அனுமதி வாங்க லேட்டாவுது, தாய்லாந்து சொங்க்லாவுக்குப் போனா ஒரே நாள்ல நிக்காஹ் முடிச்சிரலாம்னு கூட்டாளிங்க சொல்றாங்க. — பினாங்கு வாசகர்

வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. மொதல்ல, ஒங்களுக்கு ஜேபிஎன் கெடையாது, மாநில இஸ்லாமியக் குடும்பச் சட்டம், மாவட்ட சமய ஆபீஸ்தான். காலையில காடிய எடுத்தா மத்தியானச் சோத்துக்கு தாய்லாந்து ஹாட்யாய்ல நிக்கலாம், அந்தக் கிட்டத்துலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. அங்க நடத்தி வெக்கறவரு சொங்க்லா இஸ்லாமிய மன்றம் அங்கீகரிச்ச ஆளா இருக்கணும், அந்த சர்டிபிகேட்ட அங்க இருக்குற மலேசிய கான்சுலேட்ல காட்டி உறுதி பண்ணணும், அப்புறம் இங்க வந்து 6 மாசத்துக்குள்ள பதியணும். பதியப் போனா அனுமதி இல்லாம பண்ணுனதுக்கு ஷரியா கோர்ட்டு. ஒரு உதாரணத்துக்கு, கோலாலம்பூர் இருக்குற கூட்டரசுப் பிரதேசத்து 1984 சட்டத்துல அதுக்கு 1,000 வெள்ளி வரை அபராதம், இல்ல 6 மாசம் வரை சிறைன்னு இருக்கு. ஒரே நாள்ல முடியறது விருந்து மட்டும்தான். அந்த நடைக்கு சமய ஆபீஸ்லயே இன்னும் ரெண்டு நடை நடங்க, பொண்ணு வீட்டுக்காரங்கள வலி (பொண்ணோட பொறுப்பாளர்) பேப்பரு, பாஸ்போட்டு, கல்யாணம் ஆவாதவங்கற கடிதம் எல்லாம் இப்பவே அனுப்பச் சொல்லுங்க.

நாங்க ரெண்டு பேரும் மலேசியா, சிங்கப்பூர்ல வேலை, லீவு கெடைக்கல. அங்கயே பதிஞ்சா என்ன? — செராஸ்

பதியலாம். ஒருத்தர் பிஆரா (அங்க நிரந்தரவாசியா) இருந்தா 42 சிங்கப்பூர் வெள்ளி, ரெண்டு பேருமே வெளிநாட்டவரா இருந்தா 380. 21 நாளு முன்கூட்டியே ஆன்லைன்ல போடணும். பதிஞ்ச பிறகு ஜெர்வோய்ஸ் ரோட்ல இருக்குற நம்ம ஹைகமிஷன்ல 6 மாசத்துக்குள்ள மறுபடி பதியணும், இத மறந்தவங்க பிள்ள பொறந்த பிறகு ஓடி வர்றத நான் பாத்திருக்கேன். ரெண்டு பேருமே மலேசியான்னா ஜோகூர் பாரு ஜேபிஎன்ல முடிக்கறதுதான் புத்திசாலித்தனம்னு நான் சொல்லுவேன், பாலத்தத் தாண்டினா போதும், ஆனா அங்கயும் ஏழு நாளு, இருபத்தொரு நாளு கணக்கு உண்டு.

அக்கா, நான் திருநெல்வேலி, மஸ்ஜித் இந்தியா பக்கம் ஓட்டல் வேலை, பெர்மிட்ல வந்தவன். இங்க உள்ள பொண்ணு. ரெண்டு வருஷமா பழக்கம். பதிவு பண்ண வழி உண்டா? — பேர் வேண்டாம்

தம்பி, ஒளிக்காம சொல்றேன், தற்காலிக வேலை பெர்மிட்ல இருக்கறவரைக்கும் இங்க கல்யாணம் பண்ணக் கூடாதுங்கறது அந்த பெர்மிட்டோட நிபந்தனை, உள்ளூர்ப் பொண்ணோ வெளியூர்ப் பொண்ணோ யாரா இருந்தாலும். மீறுனா பெர்மிட்டு போவும், நீங்களும் போவீங்க. இப்ப யாராவது "நான் முடிச்சுத் தர்றேன்"னு பணம் கேட்டா நம்பாதீங்க, வாங்கறவனுக்கும் அது நடக்காதுன்னு தெரியும். பெர்மிட்ட மொறையா முடிச்சு, செக் அவுட் மெமோ (நாட்ட விட்டுப் போறதுக்கான இமிகிரேஷன் பேப்பர்) எடுத்து ஊருக்குப் போங்க, அவங்க அங்க வந்து சிறப்புத் திருமணச் சட்டத்துல பதியட்டும், மேல செந்தூல் தங்கச்சிக்கு சொன்ன அதே முத்திரை வரிசை அவங்களுக்கும். அப்புறம் கணவரா திரும்பி வாங்க. ஒரு வருஷம் போவும்.

எனக்கு விவாகரத்து ஆயிருச்சு, கோர்ட்டு பேப்பரு கையில இருக்கு, ரெண்டாவது கல்யாணம் லண்டன்ல. என்ன பேப்பர் வேணும்? — கெப்போங்

மொதல்ல அந்தக் கோர்ட்டு பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்கம்மா. "நிசி"ன்னு இருந்தா இன்னும் நீங்க மொதல் கல்யாணத்துலதான் இருக்கீங்க, அது 3 மாசம் கழிச்சு "அப்சல்யூட்" ஆவணும், அந்த ரெண்டாவது பேப்பர்தான் வேணும். எங்க ஆபீஸ்ல ஒரு பொம்பள நிசிய லேமினேட் பண்ணி சூட்கேஸ்ல வெச்சு கொண்டு வந்தாங்க, பத்திரிகையும் அடிச்சாச்சு. லண்டனுக்கு டூரிஸ்ட்டா போயி கல்யாணம் பண்ண முடியாது, மேரேஜ் விசிட்டர் விசான்னு தனியா இருக்கு, மலேசிய பாஸ்போட்டுக்கு சாதாரணமா விசா வேணாம்னாலும் இதுக்கு முன்னாடியே எடுக்கணும். அங்க போயி 7 நாளு தங்கணும், நோட்டீஸ் குடுக்கணும், அப்புறம் 28 நாளு. அத 70 நாளாக்கவும் அவங்களுக்கு அதிகாரம் இருக்கு, அதனால திரும்பி வர்ற டிக்கெட்ட மாத்த முடியறதா பாத்து எடுங்க. சர்டிபிகேட் ஒரு நகல் 12 பவுண்டு 50 பென்ஸ், ரெண்டு மூணா வாங்கிருங்க, ஒன்னு நம்ம ஹைகமிஷன்ல பதியறதுக்கு வேணும்.