தக்காளியும் இதயமும்

கேள்வி: எனக்கு 52 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் தக்காளியைப் பச்சையாகச் சாப்பிட்டால் இதயத்துக்கு நல்லதா?

பதில்: நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். 100 கிராம் தக்காளியில் சுமார் 240 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. உப்பின் மூலம் உடலில் சேர்ந்து ரத்த அழுத்தத்தை ஏற்றும் சோடியத்தை வெளியேற்ற அது உதவுகிறது. அப்புறம், தக்காளியை வதக்கும்போது எண்ணெய் ஓரமாகச் சிவந்து பிரிந்து வருமே, கவனித்திருக்கிறீர்களா? அந்தச் சிவப்புதான் லைகோபீன், இதயத்துக்கு நல்லது என்று கருதப்படும் நிறமி. வெந்து செல்சுவர் உடைந்தபின், கொஞ்சம் எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடல் அதை நன்றாக உறிஞ்சும். அதனால் என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களிடம், "பாதியைச் சமைத்துச் சாப்பிடுங்கள்" என்பேன். பாட்டில் சாஸ் வேண்டாம், உப்பும் சர்க்கரையும் அதிகம். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால், அளவை முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.