செகண்ட் ஹாண்ட் கார் நடுவழியில் நின்றால் யாரைக் கேட்பது?

கேள்வி: பைபாஸ் ஓரம் இருக்கும் ஒரு பழைய கார் விற்கும் கடையில் 3,80,000 ரூபாய்க்கு டீசல் கார் வாங்கினேன். 'சிங்கிள் ஓனர், இன்ஜின் கம்பெனி கண்டிஷன், ரெண்டு வருஷத்துக்குக் கையே வைக்க வேண்டாம்' என்றார்கள். வாட்ஸ்ஆப்பிலும் அதையே அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது வாரம் குடும்பத்தோடு திருவண்ணாமலைக்குக் கிளம்பினோம். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் ஹீட் முள் மேலே ஏறி, வெள்ளைப் புகை விட்டு நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகத்தில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கும், ரேடியேட்டரில் ஏதோ மருந்து ஊற்றி அடைத்து விற்றிருக்கிறார்கள், பிரித்துப் பார்க்கணும், 70,000 ஆகும் என்கிறார் நம்ம மெக்கானிக். கடைக்காரரோ 'பழைய வண்டி சார், கேட்டைத் தாண்டினால் எங்களுக்குப் பொறுப்பு கிடையாது, உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டீங்களே' என்கிறார். லண்டனில் இருக்கும் அண்ணன் மகன் '30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்திடலாம் சித்தப்பா' என்கிறான். முடியுமா? அதுவரை ஆர்.சி.யைப் பெயர் மாற்றாமல் வைத்திருக்கட்டுமா?
- வாசகர், காட்பாடி

பதில்: முதலில் மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஸ்பேனரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். இன்னும் இன்ஜினைப் பிரிக்கவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்திலேயே நல்ல செய்தி. வண்டியில் கோளாறு முன்பே இருந்ததா, நீங்கள் ஓட்டியதால் வந்ததா என்பதுதான் நாளைக்கு முழு வழக்கும். பிரித்து, புது கேஸ்கட் போட்டு, தண்ணீரை மாற்றிவிட்டால் அதைக் காட்ட உங்களிடம் மீதி இருப்பது பில் மட்டும்தான். எதிர்த்தரப்பு வக்கீல் 'தண்ணி இல்லாமல் ஓட்டியிருப்பார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்.

லண்டன் தம்பி சொன்னது அந்த ஊருக்குச் சரி. பிரிட்டனில் 2015-ம் ஆண்டுச் சட்டப்படி வியாபாரியிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம், பழைய காருக்கும் அது உண்டு. அதற்குப் பிறகும்கூட, ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். நம் சட்டத்தில் அந்த 30 நாள் கணக்கு கிடையாது. இங்கே நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான். அதனால்தான் ஸ்பேனரைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

ஆனால் இங்கே ஒன்றுமே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புதுப் பொருள், பழைய பொருள் என்று பிரித்துப் பார்க்கவில்லை. வியாபாரமாகக் கார் விற்கிறவரிடம் காசு கொடுத்து வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோர், அவ்வளவுதான். அந்த 'உள்ளது உள்ளபடி' கையெழுத்துக்கு மதிப்பே இல்லை என்று சிலர் சொல்வார்கள், அது தப்பு. தேய்ந்த டயர், சத்தம் போடும் சஸ்பென்ஷன் மாதிரி, பார்த்தாலே தெரிகிற விஷயங்களுக்கு அந்தக் கையெழுத்து அவரைக் காப்பாற்றும். குறையைத் தெரிந்தே மருந்து ஊற்றி மறைத்துவிட்டு 'கம்பெனி கண்டிஷன்' என்று எழுதி அனுப்பியிருந்தால் கதை வேறு. பொய் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. எந்தச் சோதனையும் செய்யாமல் 'ரெண்டு வருஷத்துக்குக் கை வைக்க வேண்டாம்' என்று உத்தரவாதம் கொடுப்பதும் அந்தக் கணக்கில்தான் வரும். ஆக, உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் அந்த வாட்ஸ்ஆப் மெசேஜ். போனை மாற்றினாலும் அது போய்விடாதபடி எடுத்து வையுங்கள். பில் கொடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் அதுவே தனிக் குற்றச்சாட்டு, சட்டத்தில் பெயர் சொல்லியே இருக்கிறது. பாதி ஜிபே, பாதி ரொக்கம் என்று கொடுத்து, குறைத்து எழுதின ரசீது வாங்கியிருந்தால் மட்டும் கொஞ்சம் சிக்கல். ரொக்கமாகக் கொடுத்ததை நிரூபிப்பது கஷ்டம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வண்டி நிற்கிற நிலையிலேயே, மீட்டர் ரீடிங், ரேடியேட்டர், ஆயில் எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். மெக்கானிக்கிடம் தான் பார்த்ததை லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள், முடிந்தால் அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்ஷாப்பிலும் ஓர் அறிக்கை வாங்குங்கள், அதற்கு எடை அதிகம். அப்புறம் கடைக்காரருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ்: இன்ன தேதியில் வாங்கினேன், இன்னது சொன்னீர்கள், இன்னது நடந்தது, 15 நாளுக்குள் நீங்களே வந்து பார்த்துச் சரிசெய்து கொடுங்கள் அல்லது செலவைக் கொடுங்கள். 'நீங்களே வந்து பாருங்கள்' என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வந்து பார்க்கவில்லை என்றால் பிறகு அவரால் அதிகம் பேச முடியாது. இதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். கோர்ட்டுக்குப் போகாமலே சில கடைக்காரர்கள் இந்தக் கட்டத்தில் இறங்கி வருவார்கள்.

இறங்கி வராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது. வண்டியைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி மனுப் போடலாம். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நீங்கள் அதைவிடக் கூடவே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பணமும் திரும்ப வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரிப்பேர் செலவு, அதற்கு மேல் ஓர் இழப்பீடு, வழக்குச் செலவு, இதுதான் நியாயமான எதிர்பார்ப்பு.

ஆர்.சி. விஷயத்தில் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். பெயர் மாற்றாததால் உங்கள் வழக்கு ஒரு துளியும் பலமாகாது. வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்க வேண்டும், அதை இன்றைக்கே செய்யுங்கள். பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருக்கும்போது வண்டி எங்காவது இடித்தால், சொந்த வண்டிச் சேதத்துக்கு அந்தப் பாலிசியில் காசு வாங்குவது குதிரைக்கொம்பு.

கேள்வி: எனக்கும் இதே கதைதான். ஆனால் நான் வாங்கியது கடையில் இல்லை, புரோக்கர் மூலமாக ஒரு வாத்தியாரிடம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: வாத்தியார் மேல் போக முடியாது. தன் சொந்தக் காரை ஒருமுறை விற்றவர் வியாபாரி ஆகமாட்டார். அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்று காட்ட முடிந்தால் ஒப்பந்தச் சட்டப்படி சிவில் கோர்ட்டில் கேட்கலாம், வெறுமனே கேட்காததைச் சொல்லாமல் விட்டார் என்றால் கஷ்டம். புரோக்கர் கமிஷன் வாங்கியிருந்தால் அவர் காசு வாங்கிச் சேவை செய்தவர், அவர் மேல் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதிட இடம் உண்டு. கமிஷனை எப்படிக் கொடுத்தீர்கள் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: டாக்ஸி ஓட்டப் பழைய கார் வாங்கினேன். வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்கிறார்களே? மீட்டரையும் குறைத்திருப்பார்களோ என்று சந்தேகம்.
- வாசகர், ஆம்பூர்

பதில்: நீங்களே ஓட்டி அதில்தான் குடும்பம் நடத்துகிறீர்கள் என்றால் நீங்கள் நுகர்வோர்தான், சட்டத்தில் அதற்கு விலக்கு இருக்கிறது. நாலைந்து வண்டி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டுகிறவருக்குத்தான் அந்தத் தடை. மீட்டருக்கு, வண்டி எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் கிலோமீட்டர் குறித்திருப்பார்கள். மூன்று வருடம் முன்பு 1,10,000 என்று அங்கே இருந்து உங்கள் மீட்டர் இன்றைக்கு 68,000 காட்டினால், அந்தத் தாளோடு போலீசில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம்.