மார்ச்சில் மூச்சு முட்டும் வேலை, மே மாதத்தில் வெறும் கை: என்ன செய்யலாம்?

வாசகியின் கேள்வி: திருமங்கலத்தில் வீட்டிலிருந்தபடியே மூன்று வருடமாக ஆங்கிலம், தமிழ் மொழிபெயர்ப்பு செய்கிறேன். ஏஜென்சி வேலையும் வருகிறது, மதுரை வக்கீல்களிடமிருந்தும் வருகிறது. பிப்ரவரி, மார்ச்சில் இரவு ஒரு மணி வரை உட்கார்ந்தாலும் முடியவில்லை. இந்த வருடம் ஒரு கோப்பை இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்துப் பேச்சு வாங்கினேன். மே மாதத்தில் ஒரு மெயில்கூட வரவில்லை. "பேசாம மறுபடி ஸ்கூல் வேலைக்கே போயிரு" என்கிறார் கணவர். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். 18 வருடமாக மதுரையில் இதே தொழிலில்தான் இருக்கிறேன், ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு வருடத்தையும் நான் பார்த்ததில்லை. உங்களைச் சிரமப்படுத்துவது மே மாதம் அல்ல, மே மாதத்தை நினைத்து மார்ச்சில் வருகிற பயம். அந்தப் பயத்தில்தான் கேட்டதற்கெல்லாம் சரி என்கிறோம். நானும் ஒரு மார்ச்சில் இரண்டு வாரத்துக்குள் 40,000 வார்த்தை ஒப்புக்கொண்டேன். கெடுவுக்குள் கொடுத்தேன், ஆனால் கடைசிப் பத்துப் பக்கத்தைத் திருப்பிப் படிக்க நேரமில்லை. ஓர் அட்டவணையில் எண்கள் இடம் மாறியிருந்தன. அந்த ஏஜென்சி அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. அந்த வருடத்து மே மாதத்தை நானே வரவழைத்துக்கொண்டேன்.

முதலில் உங்கள் கையளவைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வாரத்துக்குத் தினமும் எத்தனை வார்த்தை முடித்தீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். சொல் தேடியது, திருப்பிப் படித்தது, மெயில் போட்டது எல்லாம் அந்த நேரத்தில் சேரும். பொதுவான ஆங்கிலக் கட்டுரை என்றால் எனக்கு நாளுக்கு 2,000 வார்த்தை. பழைய கிரயப் பத்திரம், அதுவும் கையெழுத்துப் பிரதி என்றால் அதில் பாதிகூட ஓடாது. நாலெல்லை விவரத்திலேயே ஒரு காலைப்பொழுது போய்விடும். இன்னொன்று, ஆங்கிலத்தில் 1,000 வார்த்தை தமிழுக்கு வரும்போது எண்ணிக்கை நன்றாகக் குறையும், ஏனென்றால் உருபும் துணைவினையும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் நேர்மாறு. அதனால் கட்டணத்தையும் கெடுவையும் எப்போதும் ஆங்கில வார்த்தைக் கணக்கில் பேசுங்கள். தமிழ் வார்த்தைக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டால் இரண்டு திசையிலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கையளவு தெரிந்துவிட்டால் பதில் சொல்வது எளிது. புதன் காலை ஒருவர் 12,000 வார்த்தையைக் கொடுத்து வெள்ளிக்குள் வேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "முடியாது" என்றும் சொல்ல வேண்டாம், "முயற்சி பண்றேன்" என்றும் சொல்ல வேண்டாம். "வெள்ளி மாலை முதல் 6,000 தருகிறேன், மீதி அடுத்த புதன் மாலை" என்று அரை மணி நேரத்துக்குள் எழுதுங்கள். பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள், அவர்கள் சொல்லும் கெடுவில் பெரும்பாலும் கொஞ்சம் இடம் இருக்கும். ஞாயிறு விடுமுறை, சனிக்கிழமையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. காய்ச்சல், இழுத்துப்போன வேலை, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எல்லாவற்றையும் அந்த ஒரு நாள் தாங்கும். மின்தடை அறிவிப்பு முன்கூட்டியே வந்துவிடும், அதைப் பார்க்காமல் கெடு ஒப்புக்கொள்ள வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி கல்யாணத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்கும் வரைக்கும் வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள், அந்த நாட்களையும் ஜனவரியிலேயே காலண்டரில் அடித்துவிடுங்கள்.

மே மாதம் ஏன் வறண்டது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. 2004 முதல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருப்பதால் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் ஆக்கும் வேலை நம் ஊரில் நிறைய. மே மாதம் கோர்ட் கோடை விடுமுறை, அதனால் வக்கீல்கள் கூப்பிட மாட்டார்கள். மார்ச் நெருக்கடிக்குக் காரணம் நிதியாண்டு முடிவு. நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் ஒதுக்கிய பணத்தை 31ஆம் தேதிக்குள் செலவழிக்கப் பார்க்கும். வெளிநாட்டு ஏஜென்சி வேலை ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் குறையும். ஆக, உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே காலண்டரில் ஓடக்கூடாது. உதாரணத்துக்கு, மருத்துவ ஆய்வுகளில் பங்கேற்பவர்களுக்கான ஒப்புதல் படிவங்களை அவர்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அந்த வேலை கோர்ட் விடுமுறையையும் மார்ச்சையும் பார்த்து வருவதில்லை. படித்துத் தயாராகத்தான் வேண்டும், அதற்கு மே மாதம் தோதானது.

அப்புறம் பணம். நம் பக்கத்துக் கண்மாயை நினைத்துப் பாருங்கள். மழை வருடம் முழுக்கப் பெய்யாது என்று தெரிந்துதான் அதை வெட்டினார்கள். தண்ணீரை மடை வழியாக அளந்து திறந்தார்கள், மிஞ்சியது கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போனது. நமக்கும் இரண்டும் வேண்டும், மடை பணத்துக்கு, கலுங்கு வேலைக்கு.

தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வருகிற பணமெல்லாம் அதில் விழட்டும். வருடத்துக்கு 3,60,000 ரூபாய் வருகிறது என்றால் மாதச் சராசரி 30,000. ஆனால் வீட்டுக்கு மாதம் 24,000 மட்டும் ஒன்றாம் தேதி எடுங்கள், மார்ச்சிலும் அதே, மே மாதத்திலும் அதே. மூன்று மாத வீட்டுச் செலவு கணக்கில் சேரும் வரை அந்த 24,000-ஐ உயர்த்த வேண்டாம். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வேலை வறளும் மாதமும் கை வறளும் மாதமும் ஒன்றல்ல. மார்ச் வேலைக்கான பணம் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான் வரும். ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டும்போது கையில் காசு இருக்கும், மே மாதத்து வெறுமை ஆடியில்தான் தெரியும். அதனால் ஜூனில் தாராளமாகச் செலவு செய்துவிடாதீர்கள்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவையும் செய்துவிடுங்கள். இணையத்தில் இலவசம்தான், இதற்கு யாருக்கும் கமிஷன் தர வேண்டாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில்களுக்கு வாங்குபவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்க வழியிருக்கிறது. வெளிநாட்டு ஏஜென்சியிடம் இது செல்லாது. இன்வாய்ஸில் பதிவு எண் இருந்தாலே சிலர் சீக்கிரம் பணம் அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். ஏஜென்சி உங்கள் கட்டணத்தில் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால், வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போடுங்கள், பிடித்த தொகை திரும்ப வரும்.

இனி கலுங்கு. உங்களைப் போலவே கவனமாக வேலை செய்யும் இரண்டு பேரைக் கண்டுபிடியுங்கள், இரண்டு பேர் போதும். மே மாதத்தில், அவசரம் இல்லாத நேரத்தில், ஒருவர் வேலையை ஒருவர் திருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் உங்களால் முடியாததை அவர்களுக்குத் தாருங்கள், அவர்கள் கையில் நிறைந்தால் உங்களுக்கு வரும். வாடிக்கையாளரிடம் கேட்காமல் மட்டும் கோப்பைக் கைமாற்ற வேண்டாம். வக்கீல் கொடுத்த ஆவணம் என்றால், கேட்டு வாங்கிய சம்மதத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் செய்து தந்ததை நீங்களே ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு அனுப்புங்கள், ஏஜென்சி பணம் வரும் வரை அவரைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

வறண்ட மாதத்தில் கட்டணத்தைக் குறைக்கத் தோன்றும். இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தித் தரும் வேலையும் அப்போதுதான் பாதி விலையில் வரும். எடுப்பதில் தவறில்லை. ஆனால் முதல் ஒரு மணி நேரம் செய்துவிட்டு, மணிக்கு எவ்வளவு தேறுகிறது என்று பாருங்கள். தமிழில் பல சமயம் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவதே சீக்கிரம் முடியும்.

உங்கள் கணவர் கேட்டதையும் விட்டுவிட முடியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது மெயில் வராத மே மாதம் மட்டும்தான். மூன்று வருட இன்வாய்ஸை எடுத்து ஒரு நோட்டில் மாதவாரியாக எழுதுங்கள், ஒரு பத்தியில் செய்த வேலை, பக்கத்தில் வந்த பணம். அதைப் பள்ளியில் கிடைக்கும் சம்பளத்தோடு வருடக் கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பள்ளிச் சம்பளம்தான் கூடுதல் என்று கணக்கு சொன்னால் அதையும் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் மே மாதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

தாமதமான அந்தக் கோப்புக்காக, வாடிக்கையாளருக்கு இன்றே நாலு வரி எழுதுங்கள். ஏன் தாமதமானது என்ற விளக்கம் வேண்டாம். இனி நாளுக்கு எத்தனை வார்த்தை ஒப்புக்கொள்வீர்கள், எந்த நாட்களில் கிடைப்பீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும்.