முன்னோடிக் கலைஞர் வாசித்ததைப் போன்ற வாத்தியத்தையே வாங்க வேண்டுமா?

வாங்கலாம். ஆனால் அவர் அந்த வாத்தியத்தை ஏன் கையில் எடுத்தார் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் நாதஸ்வரம் வாசிப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த அந்த வாத்தியத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

அப்பாவிடம் இருந்தது திமிரி என்ற நாதஸ்வர வகை. நீளம் குறைந்தது, சுருதி நான்கு கட்டைக்கு மேல் நிற்பது (கட்டை என்பது சுருதியின் அளவு; எண் கூடக்கூடச் சுருதி உயரும்). அதில்தான் என் விரல்கள் பழகின. ஆனால் நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனையை ஒலிநாடாவில் கேட்ட நாள் முதல், அவர் கையில் இருந்தது போன்ற ஒரு பாரி நாயனம், அதாவது நீண்ட நாதஸ்வரம், வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை.

அவர் பாரிக்கு மாறியதற்குத் தக்க காரணம் இருந்தது. திமிரியில் சுத்த மத்திமம் என்ற 'ம' சுரம் தானாக வந்து நிற்பதில்லை. மூச்சையும் உதட்டையும் கொண்டு அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்த நீண்ட பாரியில் அந்தச் சுரம் துலக்கமாகப் பேசியது. சுருதியும் இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியதால், வாய்ப்பாட்டின் நிதானத்தோடு ராகத்தை விரிக்க முடிந்தது. பின்வந்த வித்துவான்கள் பாரியை எடுத்ததை வெறும் பக்தி என்று நான் எண்ணவில்லை. அவர்கள் கேட்டு மயங்கிய இசை அந்த நீளத்துக்குள்தான் இருந்தது.

பல வருடம் சேர்த்த பணத்தில் எனக்கும் ஒரு பாரி வந்தது. முதல் நாள் அது பேசவே இல்லை. துளைகளின் இடைவெளி கூடியிருந்ததால், கீழ்த்துளையில் சுண்டு விரல் முழுதாக அமராமல் ஓரத்தில் காற்றுக் கசிந்தது. எனக்குக் கற்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியர், வாயில் வைத்து ஊதும் நாக்கான சீவாளியைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, முதல்ல இதை மாத்துங்கோ, உங்கட மூச்சுக்கு இது பாரம்" என்றார். மெல்லிய நாணல் சீவாளி ஒன்றைக் கெண்டையில், அதாவது குழலின் உச்சியில் செருகும் சிறு உலோகக் குழாயில், பொருத்திய பிறகுதான் ஒலி திறந்தது. விரல்கள் பழக மேலும் எட்டு மாதம் சென்றது.

மலையகத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தை மாத விடியற்காலையில் குழலுக்குள் இருக்கும் காற்றுக் குளிர்ந்து சுருதி இறங்கிவிடும். முன்பு சுருதிக்காக ஒத்து என்ற துணைக்குழலை ஊதியபோது அதுவும் நம்மோடு சேர்ந்தே இறங்கியது. இன்றைய மின் சுருதிப் பெட்டியோ இருந்த இடத்திலேயே நிற்கும். ஆகவே நான் கோயில் மடப்பள்ளிக்கு அருகில் நின்று, துளைகளை எல்லாம் மூடிக்கொண்டு, குழல் சூடேறும் வரை ஊதுகிறேன். அதற்குப் பிறகும் குறைந்தால் சீவாளியைக் கெண்டையில் சற்று உள்ளே தள்ளுகிறேன்.

எனவே வாங்கப் போகும்போது வெவ்வேறு கனமுள்ள நான்கு சீவாளிகளையாவது கொண்டு போங்கள். கீழ்த்துளையை மூடி, அந்தச் சுரத்தை ஒரே மூச்சில் நெடுநேரம் நிறுத்திப் பாருங்கள். கை எட்டாவிட்டால் ஒரு வருடம் பொறுத்து வாங்குவதில் தவறில்லை. நானும் கச்சேரிக்குப் பாரியையே எடுக்கிறேன். தேர் வீதிவலம் வரும் நாளில் மட்டும் அப்பாவின் திமிரியைத்தான் வாசிக்கிறேன், ஏனென்றால் மூடுபனிக்குள் தோட்டத்தின் கடைசி லயத்து வீட்டு வரிசை வரைக்கும் போவது அதன் சத்தம்தான்.