மாடி மழை எங்கே போகிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீடித்த வளர்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதமாகிறது. கார்பன் கணக்குகளைப் படித்தால் பயமாக இருக்கிறது. வரும் தலைமுறைக்காகத் தனி ஒருவர் என்ன செய்ய முடியும்? எதை வாசிக்கலாம்? எங்கள் அடுக்ககத்தில் போர்வெல் வற்றி, கோடையில் லாரித் தண்ணீர்தான் வாங்குகிறோம்.

எஸ்., வேளச்சேரி

அன்புள்ள எஸ்.,

குழந்தைக்கு என் ஆசிகள். கார்பன் கணக்கை இப்போதைக்கு விடுங்கள். வாசிப்பும் பிறகு ஆகட்டும். கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே, சில வாரங்களாக எனக்கும் அதே நினைப்புத்தான்.

போர்வெல் வற்றிவிட்டதாம். தானாகவா வற்றியது? வருங்காலத்தவரின் தேவைக்குப் பங்கம் வராத வளர்ச்சி வேண்டும் என்று ஐ.நா. அமைத்த புருன்ட்லாண்ட் குழு 1987-இல் சொன்னது. சென்னைப் பெருநகருக்கு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். உங்கள் அடுக்ககத்திலும் மாடி மழையை வடிகட்டி நிலத்துக்குள் இறக்க ஒரு தொட்டி இருக்கும். அதன் மூடியைத் திறந்து எத்தனை வருடம் ஆகிறது?

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கிணறு கோடைதோறும் தரை தட்டும். மாடிக் குழாயை அதற்குள் திருப்பிவிட்டோம். 2005 பெருமழைக்குப் பிறகு நாலு முழம் கயிறு விட்டாலே வாளி முங்கியது. அம்மா எதிர்வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல். சென்னையின் வருட மழை சராசரி 130 சென்டிமீட்டரைத் தாண்டும். அப்படியானால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல், எஸ்.! தொட்டியைச் சருகும் வண்டலும் அடைத்துக்கொண்டால் அத்தனையும் தெருவுக்குத்தான். நவம்பரில் முழங்கால் தண்ணீர், மே மாதம் லாரி. இத்தனை படித்தவர்கள் குடியிருக்கும் இடத்தில் இது நடக்கலாமா?

அந்த லாரி எங்கே நிரப்பிக்கொண்டு வருகிறது? பெரும்பாலும் புறநகர்க் கிராமங்களின் வயல் கிணறுகளில். அங்கேயும் பெண் குழந்தைகள் பிறக்கிறார்கள். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவில்லாமல் உறிஞ்சி, கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்து கிணறுகள் உப்பாகிக் கிடக்கின்றன.

ஐப்பசிக்கு முன்னால் தொட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கூழாங்கல்லை வெளியே எடுத்து அலசி, மேல்மணலை மாற்றி, மொட்டை மாடியைப் பெருக்கிவிட வேண்டும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அப்புறம் உள்ளே திருப்புங்கள். வருடா வருடம் செய்ய வேண்டிய வேலை இது. பணமில்லை என்று செயலாளர் சொன்னால், கோடையில் வாங்கிய லாரி ரசீதுகளை அசோசியேஷன் கூட்டத்தில் எடுத்து வையுங்கள்.