லேஸ் குடை பிடிச்சா என்ன தப்பு?

கேள்வி: கோடை விழா சமயத்துல ஏற்காடு போயிருந்தேன் சார். ஏரிக்கரையில நாலஞ்சு பொண்ணுங்க லேஸ் வச்ச குட்டிக் குடையைப் பிடிச்சிக்கிட்டு போஸ் குடுத்துட்டு இருந்தாங்க. வெயிலும் இல்ல மழையும் இல்ல, சும்மா சீன் போடறாங்க. வெள்ளைக்காரி பந்தாவை நம்ம பொண்ணுங்க எதுக்கு காப்பி அடிக்கணும்? ரெண்டு மூணு போட்டோ எடுத்து வச்சிருக்கேன், சொன்னா அனுப்பறேன், உங்க பக்கத்துல போடுங்க.
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வெயிலும் இல்ல மழையும் இல்ல, அப்புறம் எதுக்குக் குடைன்னு கேக்கறீங்க. நம்ம வீட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளை காசியாத்திரை கிளம்பறப்போ கையில ஜரிகை வச்ச குடையைக் குடுத்து அனுப்பறோமே, மண்டபத்துக்குள்ள எந்த வெயில் அடிக்குது? ராத்திரி சாமி புறப்பாடு வர்றப்பவும் தலைக்கு மேல பட்டுக்குடை வருது, குஞ்சம் ஆட ஆட அந்தக் குடை அசைஞ்சு வர்றதைப் பாக்கறதுக்குன்னே தெருமுனையில நிக்கற ஆளு நான். அழகுக்கும் மரியாதைக்கும் குடை பிடிக்கறது நமக்குப் புதுசே இல்லைங்க. வெள்ளைக்காரங்ககிட்ட இருந்து வந்ததுன்னு நீங்க சொல்றதும் ஒத்துக்க முடியாது. 1750-கள்ல லண்டன்ல ஜோனாஸ் ஹான்வேன்னு ஒருத்தர் குடையும் கையுமா தெருவுல நடந்தப்போ குதிரை வண்டிக்காரங்க அவரைப் போட்டு அப்படிக் கிண்டல் பண்ணாங்க, ஆம்பளைக்குக் குடை என்னத்துக்குன்னு. அப்பவே நம்ம ராஜாக்களோட வெண்கொற்றக்குடைக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல வயசாயிருச்சு.

வெயில் இல்லைன்னு சொன்னதும் சரியில்ல. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்துல இருக்கு. 1,000 மீட்டர் மேல ஏறினாலே புற ஊதாக் கதிர் 10 சதவீதம் போல கூடும், மெல்லிசா மேகம் இருந்தாலும் அதுல பெரும்பகுதி கீழ வந்துரும். சேலத்துல சுள்ளுன்னு உறைக்கும், உடனே நிழலுக்கு ஒதுங்கிருவோம், மேல காத்து குளுகுளுன்னு அடிக்கறதால தோல் காயறதே தெரியாது, சாயங்காலம் ரூமுக்கு வந்து கண்ணாடி பாத்தாதான் மூக்கும் கன்னமும் கன்னிப்போயிருக்கறது தெரியும். அந்தப் பொண்ணுங்க அழகுக்காகவே பிடிச்சிருக்கட்டும், ஏரிக்கரையில தலைக்கு மேல நிழல் வச்சிக்கிட்டது புத்திசாலித்தனம்தான்.

ஆனா குடை வாங்கப் போற பொண்ணுங்களுக்கும் இங்கயே ஒண்ணு சொல்லிடறேன், வெறும் லேஸ் மட்டும் பத்தாது. அந்த ஓட்டை வழியா வெயில் தாராளமா இறங்கும். உள்பக்கம் கருப்புலயோ கருநீலத்துலயோ நெருக்கமா நெய்த துணியில லைனிங் குடுத்துட்டீங்கன்னா மேல வர்ற வெயிலும் நிக்கும், தண்ணியில பட்டு எகிறி வர்ற கூச்சமும் முகத்துல அடிக்காது. வெளியில வெள்ளை, உள்ள கருப்பு, பாக்கவும் அம்சமா இருக்கும். கம்பியைப் பாத்து வாங்குங்க, பகோடா பாயிண்ட் பக்கம் அடிக்கற காத்துல லேசான கம்பின்னா ஒரே தூக்குல திரும்பிக்கும், ஃபைபர் கம்பின்னா வளைஞ்சு குடுத்து நிமிந்துரும்.

இதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை உண்டு. சேலம் வெண்பட்டுன்னா நாட்டுக்கே தெரியும், அதுல ஏன் ஒரு குடை வரக்கூடாது? எட்டுக் கம்பிக் குடைக்கு எட்டு முக்கோணத் துண்டு வேணும். பழைய பட்டு வேட்டியில ரெண்டு பக்கமும் கரை இருக்கும் இல்லையா, முக்கோணத்தோட அடிப்பாகம் கரை மேல வர்ற மாதிரி இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு வெட்டினா, குடையைச் சுத்தி வட்டமா ஜரிகைக் கரை ஓடும், துணியும் அவ்வளவா வீணாகாது. ரோட்டோரம் குடை ரிப்பேர் பண்றவர்கிட்ட துணி கிழிஞ்சு போன ஒரு பழைய குடையையும் இந்தத் துண்டுகளையும் குடுத்தா அதே கம்பியில கட்டிக் குடுப்பாரு. மழைக்கு மட்டும் அதை எடுக்காதீங்க, பட்டு நனைஞ்சா கறை கட்டிடும். வெண்பட்டுப் புடவையோ சாதாரண காட்டன் சுடிதாரோ, அந்தக் குடையைத் தோள்ல சாய்ச்சுப் பிடிச்சிட்டு ஒரு பொண்ணு நடந்து வந்தா நான் நின்னு பாத்து நல்லா இருக்கும்மான்னு சொல்லிட்டுத்தான் போவேன்.

உங்க கேள்வியில எனக்கு உண்மையிலயே உறுத்தறது "சீன்" அப்படிங்கற அந்தப் பேச்சுதான். யார் குடை பிடிக்கலாம் யார் பிடிக்கக்கூடாதுன்னு சட்டம் போட்ட ஊருங்க இது. 1930-ல ராமநாதபுரம் பக்கம் ஆதிதிராவிட மக்கள் மேல போட்ட தடைகள்ல குடை பிடிக்கக்கூடாதுங்கறதும் ஒண்ணு, செருப்பு போடக்கூடாதுங்கறதும் ஒண்ணு. அவ்வளவு கஷ்டப்பட்டு வந்த பொருள் இன்னைக்கு எந்த வீட்டுப் பொண்ணும் ஆசைக்கு ஒண்ணு வாங்கிப் பிடிக்கற மாதிரி ஆயிருக்குன்னா அது எனக்கு சந்தோஷம். பெரிய மனுஷங்க கருப்புக் குடையைச் சட்டைக் காலருக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு வெயிலே இல்லாதப்பவும் கடைவீதி சுத்துனாங்க, அவங்களை யாரும் சீன்னு சொல்லல, பொண்ணு பிடிச்சா மட்டும் கேள்வி வருது. ஜப்பான்ல 2019-ல சுற்றுச்சூழல் அமைச்சகமே ஆம்பளைங்களும் வெயிலுக்குக் குடை பிடிங்கன்னு கேட்டுக்கிச்சு. நீங்களும் ஒண்ணு வாங்கலாம், சேலத்து ஏப்ரல் வெயில்ல அஞ்சு ரோட்டுல சிக்னலுக்கு நிக்கறப்போ அதோட அருமை புரியும்.

போட்டோ அனுப்பாதீங்க, போட மாட்டோம். அவங்க போஸ் குடுத்தது அவங்க தோழிங்களோட போனுக்கு, உங்க போனுக்கு இல்ல. கேக்காம எடுத்தது, இன்னைக்கே டெலீட் பண்ணிடுங்க.