சுவரில் எழுதப் பத்துப் பெயர்

மதிப்பிற்குரிய ஐயா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். பாடசாலைச் சுவரில் மலையகத்துப் பெரியவர்கள் பத்துப் பேரின் படங்களை வரையப் போகிறோம். கோவிந்தன், நடேசய்யர் என்று நான் பெயர் எழுதத் தொடங்கியதும் பிள்ளைகள், "காமனையும் ரதியையும் போடுங்க டீச்சர், பொன்னர் சங்கரைப் போடுங்க" என்று சத்தம் போட்டார்கள். அதெல்லாம் வெறும் கதை, அதுவும் கடல் தாண்டி வந்த கதை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நமக்காக உயிர்விட்டவர்களை மறந்துவிட்டுக் கற்பனை ஆட்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமே என்று வேதனையாக இருக்கிறது. சீதா எலியவில் சீதை இருந்தது உண்மையா என்று ஒரு பிள்ளை கேட்டது, அதற்கும் பதில் தெரியவில்லை. நீங்கள் பத்துப் பெயர் சொல்வீர்களா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

மாசி பிறந்தாலே எனக்குச் சித்தப்பாவின் ஞாபகம் வந்துவிடும். இந்த முறை அதோடு உங்கள் கடிதமும் சேர்ந்துகொண்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முல்லோயாத் தோட்டத்துக் கோவிந்தனைப் போடுங்கள். 1940 ஜனவரி 10ஆம் திகதி, சம்பளம் கூட்டிக் கேட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு இறந்தவர். டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணனைப் போடுங்கள். தோட்டக் காணி ஏழாயிரம் ஏக்கரைப் பறித்து வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று சனம் திரண்டு நின்ற 1977 மே 11இல் விழுந்தவர். டெவன் உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். பிள்ளைகளை ஒரு தடவையாவது அங்கே கூட்டிக்கொண்டு போனீர்களா? தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய நடேசய்யர், அவருக்குப் பக்கத்தில் அதே அளவில் அவர் மனைவி மீனாட்சி அம்மாள், பிறகு நம் வரிசை வீடுகளின், அந்த லயங்களின், பாட்டுகளைத் தேடிச் சேர்த்துவைத்த சி. வி. வேலுப்பிள்ளை. மிச்சத்தை நீங்களும் பிள்ளைகளுமாகப் பேசி முடிவெடுங்கள்.

சீதை இருந்தாளா இல்லையா என்பதைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. ஹக்கலைக்குப் போகிற வழியில் அந்த ஓடைக்கரைக் கோயிலில் கண்ணை மூடி நிற்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய் ஆதாரம் கேட்க எனக்கு மனம் வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'வெறும் கதை' என்று எழுதியிருக்கிறீர்களே, அது தப்பு டீச்சர். பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அந்தப் பிள்ளைகளின் பூட்டன் பூட்டிமார் கோப்பிக் காலத்தில் இந்த மலைக்கு நடந்து வந்தபோது கையில் என்ன கொண்டுவந்தார்கள்? காணி உறுதி கொண்டுவந்தார்களா, ஏடு கொண்டுவந்தார்களா? வழியில் கொலராவிலும் பசியிலும் செத்தவர்களைக் காட்டோரத்தில் போட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். யாரும் பறிக்க முடியாமல் அவர்களிடம் மிஞ்சியது தொண்டையில் இருந்ததுதான். கடல் தாண்டி வந்த கதை என்று சொல்கிறீர்கள். நாமும் அப்படி வந்தவர்கள்தானே? அந்த ஒரு காரணத்தைச் சொல்லித்தானே 1948இல் குடியுரிமையைப் பறித்து நம்மை நாடில்லாதவர்களாக்கினார்கள்? அதே சொல்லை எடுத்து நம் கதைகள் மேல் நீங்களே வீசலாமா?

பொன்னர் சங்கர் கதையைப் பாருங்கள். கொங்கு நாட்டில் காணியும் கழனியுமாக ஆண்டவர்களின் கதை அது. இங்கே அதை ஆடியவர்களுக்குக் கால்பெர்ச் காணி கிடையாது, படுத்த காம்பரா கூடத் தோட்டத்துக்குச் சொந்தம். காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில் துரைக்கு முன்னால் கைகட்டி நின்றவன், விடியவிடிய அதே களத்தில் வாள் பிடித்து நின்றான். அந்த ஓர் இரவு அவனுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று யோசியுங்கள். ஆனால் நான் ரதியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கதை உங்களுக்குத் தெரியும். தவத்தில் இருக்கிற சிவனை எழுப்பத் தேவர்கள் காமனை அனுப்புகிறார்கள். போகாதே என்று ரதி மன்றாடுகிறாள். போனவன் நெற்றிக்கண்ணில் சாம்பலாகிறான். ரதி அழுது கேட்டு அவனை மீட்கிறாள், ஆனால் மீண்டவன் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்கு மாசி அமாவாசைக்கு அப்புறம் ஆமணக்கும் கரும்பும் வைத்துக் கம்பம் ஊன்றி, வைக்கோல் சுற்றி வைப்பார்கள். மேட்டு லயம் பெண் வீடு, பணிய லயம் மாப்பிள்ளை வீடு. ஊரே சம்பந்தியாகிவிடும்.

பதினொரு வருடம் ரதி வேசம் கட்டியது என் சித்தப்பா. பகலில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஆள், முழங்கை வரைக்கும் கத்தி கிழித்த தழும்பு. கூத்தன்று அம்மாவின் மஞ்சள் நைலக்ஸ் சேலையைக் கட்டி, அந்தத் தழும்புகளுக்கு மேலே கண்ணாடி வளையல் போடுவார். காப்புக் கட்டியதிலிருந்து மச்ச மாமிசம் தொடமாட்டார், யாரோடும் உரத்துப் பேசமாட்டார்.

1974 மாசி. அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டத்தில் பிள்ளைகள் சுருண்டு கிடந்த வருடம். 1964 ஒக்டோபரில் இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே என்று நம்மைப் பங்கு போட்டதே, அந்தப் பங்கு எங்கள் லயத்துக்கு வந்துசேர்ந்த வருடமும் அதுதான். அத்தை குடும்பத்துக்கு இந்தியா போகக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. பங்குனியில் பயணம்.

அன்றிரவு கம்பம் எரிந்து முடிந்தது. ரதி தலையை விரித்துப்போட்டு மண்ணில் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாள். இரண்டாவது அடி வருவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் எழுந்தது. படங்குச் சாக்கைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என் அப்பாயி. ரதியின் அதே மெட்டில் அத்தையின் பெயரைச் சொல்லி அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் பதறிப்போய், "உசுரோட இருக்கிற புள்ளைக்கு ஒப்பாரி வைக்காத ஆத்தா" என்று வாயைப் பொத்தப் பார்த்தார்கள். அப்பாயி கையைத் தட்டிவிட்டாள்.

தப்பு மேளம் நின்றுவிட்டது. என்ன செய்வதென்று கூத்து வாத்தியாருக்கே தெரியவில்லை. சித்தப்பா எழுந்திருக்கவில்லை, முழங்காலாலேயே நகர்ந்து அப்பாயியிடம் வந்தார். அவருக்கு அத்தை கூடப்பிறந்தவள். தாயின் தோளில் கையைப் போட்டு, ரதியின் குரலிலேயே அடுத்த அடியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் முழுக்க அழுதது. ஒவ்வொருத்தியும் வேறு வேறு பெயரைச் சொன்னாள். மெட்டு ஒன்றுதான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

பங்குனியில் ஹட்டன் ஸ்டேசனில் அத்தையைக் கோச்சி ஏற்றினோம். அங்கே அப்பாயி அழவே இல்லை. அதற்கப்புறம் சாகும் வரைக்கும், கொழுந்து மலையில் அத்தை தனக்கு முன்னால் கூடையோடு நடந்து போகிறாள் என்று சொல்வாள். எங்கே என்று திரும்பிப் பார்ப்போம். "ஒங்களுக்குத் தெரியாதுடா" என்பாள்.

இப்போது சொல்லுங்கள் டீச்சர், ரதி நிஜமா, கதையா?

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோவிந்தன் மறந்துபோனதற்கு ரதி காரணம் இல்லை. அவரை வருடத்துக்கு ஒரு மாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கிவிட்ட நாம்தான் காரணம். மீனாட்சி அம்மாளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத சனத்திடம் அரசியலைப் பாட்டாகக் கொண்டுபோனார். அவர்கள் வாயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மெட்டுகளில் பாடினார், துண்டுப் பிரசுரமாகவும் அச்சடித்துக் கொடுத்தார். கணவர் நடேசய்யரோ புடவை வியாபாரி போல வேசமிட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தவர். சங்கமும் சட்டமும் உரிமையும் லயத்துக்குள் அப்படித்தான் வந்தன, சனத்துக்குப் பழகிய குரலிலும் பழகிய உருவத்திலும். நீங்கள் அந்தக் குரலை அழித்துவிட்டு ஆளை மட்டும் சுவரில் நிறுத்தப் பார்க்கிறீர்கள். அடுத்த மழைக்காலத்தில் பாசி பிடிக்கும், அவ்வளவுதான். ரதிக்கும் ஓர் இடம் விடுங்கள். இந்த மாசியில் உங்கள் தோட்டத்தில் காமன் ஊன்றினால் பிள்ளைகளைக் கொப்பியோடு அனுப்புங்கள். வாத்தியார் உயிரோடு இருக்கும்போதே பாட்டை எழுதி வாங்கட்டும். ஒப்பாரியை மட்டும் எழுதி வாங்கினால் போதாது, பாடிப் பழகச் சொல்லுங்கள்.

சித்தப்பாவும் 1976இல் இந்தியாவுக்கு, கோத்தகிரிக்குப் போனார். அடுத்த தைமாதம் அவரிடமிருந்து முதல் கடிதம் வந்தது. வீடு கிடைத்ததா, வேலை எப்படி, ஒன்றும் இல்லை. "இந்த வருசம் ரதி யாரு? அண்ணி சேலையக் குடுத்துருங்க" என்று எழுதியிருந்தார். அம்மா அதை இரண்டு தடவை வாசித்தாள். பெட்டியைத் திறந்து சேலையை எடுத்து, என் தோளில் வைத்து அளவு பார்த்தாள்.

அந்த வருடம் நான்தான் ரதி. பதினாறு வயது, பாதி அடிகள் தடுமாறின, பெண்கள்தான் எடுத்துக் கொடுத்தார்கள்.

மூன்றாவது மாதம் டெவனில் லட்சுமணனைச் சுட்டார்கள். செய்தி வந்த அன்று லயத்து வாசல் இஸ்தோப்பில் நின்றிருந்தேன். அவரை எங்கள் லயத்தில் யாரும் பார்த்தது கிடையாது. பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு ஒரு கிழவி அழத் தொடங்கினாள். ஒரு அடி பாடினாள், இரண்டு அடி பாடினாள், அதற்கு மேல் வரவில்லை, அப்படியே நின்றுவிட்டாள். அந்த மெட்டு எனக்குத் தெரியும். நான் இறங்கிப் போய் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தேன்.